நாற்பத்திரண்டாவது விசாரணை

ஆமாம், பெத்துராஜ்தான். உட்காருங்கள் அண்ணாச்சி. ஜன்னலோரம் வேண்டுமானால் சொல்லுங்கள், எனக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். என் பெயர் எப்படித் தெரியும் என்று உங்களைக் கேட்க மாட்டேன். ராஜபாளையத்தில் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்தவன் நான். என்னைத் தெரியாமல் ஒருவர் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடலை மிட்டாயா? வேண்டாம், வேண்டாம். சரி, ஒன்றே ஒன்று. கோவில்பட்டி மிட்டாய்தானே? கடித்த சத்தத்திலேயே தெரிகிறது. நானும் கோவில்பட்டிக்குத்தான் போகிறேன். இரண்டு மணி நேரப் பயணம், பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது நல்லதாய்ப் போயிற்று. நீங்கள் அதிகம் பேச மாட்டீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை. நான் பேசுவேன்.

மீட்டர் பார்த்தது வயிற்றுப்பாட்டுக்கு. ஊரில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. மாப்பிள்ளை விசாரிப்பது. பெண் வைத்திருக்கிறவர்கள், ‘பெத்துராஜு ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொல்லட்டும்’ என்று காத்திருப்பார்கள். இதுவரை நாற்பத்தொரு மாப்பிள்ளைகள். ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு தப்பின, ஆனால் அவை ஜாதகத்தின் கோளாறு.

விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது அண்ணாச்சி. பையனின் அம்மாவிடம் கேட்கவே கூடாது. எந்த அம்மா தன் பிள்ளையைக் குறை சொல்வாள்? பையனையும் கேட்கக் கூடாது. துணி தேய்க்கிறவரிடம் கேட்க வேண்டும். சட்டையில் என்ன கறை வருகிறது, சட்டைப்பையில் என்ன சீட்டு கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். சலூன்காரரிடம் கேட்கலாம். எல்லாவற்றையும்விட நல்ல இடம் பஸ். அந்த வீட்டு ஆள் யாராவது ஏறினால் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். தின்பதற்கு ஏதாவது நீட்டுவேன். கேள்வியே கேட்க மாட்டேன். கேள்வி கேட்டால் மனுஷன் உஷாராகிவிடுவான். வாயில் ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும், சங்கரன்கோவில் வருவதற்குள் குடும்பக் கதை முழுவதும் தானாக வெளியே வந்துவிடும்.

இன்னொன்று எடுத்துக்கொள்ளட்டுமா? பாகு நல்ல பதம்.

இப்போது நான் போய்க்கொண்டிருப்பது நாற்பத்திரண்டாவது மாப்பிள்ளை விஷயமாகத்தான். இது ஊரார் வீட்டுப் பெண் இல்லை. என் தங்கை சரோஜாவின் மகள், இந்துமதி. தகப்பன் இல்லாத பெண். அவளுக்கு நான் தாய்மாமன். நான் சரி என்றால்தான் சரோஜா தட்டு மாற்றுவாள். பெண் எங்கள் ஊரில் மருத்துவப் பஞ்சு தயாரிக்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். பையன் லிங்கேஸ்வரன், கோவில்பட்டியில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறான். ‘ரத்தம் அங்க, பஞ்சு இங்க. இதை விடப் பொருத்தம் எங்கண்ணே கிடைக்கும்?’ என்று சரோஜா சிரித்தாள். ஆவணி மாதம் பெண் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ‘ஒரு வாரம் பொறு, விசாரிச்சுச் சொல்றேன்’ என்றேன்.

போனேன். தேய்க்கிறவர் நல்ல பையன் என்றார். டீக்கடையிலும் அதையே சொன்னார்கள். சலூனில்தான் நூல் முனை கிடைத்தது. ‘தங்கமான பையன் சார். முன்னாடி போன்ல ஏதோ சீட்டு ஆடுவாப்ல’ என்றார். காசு வைத்தா என்றேன். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, ‘காசு இல்லாம எவன் சார் சீட்டாடுவான்?’ என்றார்.

சர்க்கரை பார்க்க வந்தவன் மாதிரி லேபுக்குப் போய் உட்கார்ந்தேன். பையன் ஊசியைக் குத்தினான், வலிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, ‘நீங்க இந்துமதியோட மாமாதான? சலூன் அண்ணன் சொன்னாரு. கேட்க வேண்டியதை என்கிட்டயே கேளுங்க சார்’ என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போக்கர் ஆடினேன், பதினெட்டாயிரம் போயிற்று, அது நம்புகிற இடமில்லை, விட்டுவிட்டேன், இந்துமதியிடமும் சொல்லிவிட்டேன் என்று.

எனக்கு அது பிடிக்கவில்லை அண்ணாச்சி. விசாரிக்கப்படுகிறவன் தானே சொல்லிவிட்டால், விசாரிக்கிறவனுக்கு என்ன மரியாதை?

இந்துவிடம் கேட்டேன். ‘ஆமா மாமா, மொத நாளே சொல்லிட்டாரு. அவராத்தானே சொன்னாரு? எனக்கு அது போதும்’ என்றாள். சின்னப் பெண்ணுக்குப் போதும். எனக்குப் போதுமா? அது நம்புகிற இடமில்லை என்று தோற்றவன் சொல்கிறான். தோற்றவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா? கோபித்துக்கொண்டு போன மனைவியிடம் போய்ப் புருஷனைப் பற்றி விசாரிக்கிற மாதிரி அல்லவா அது? ஆட்டம் நேர்மையானதாக இருந்தால், தோற்ற பையன் அசடு. ஆட்டம் மோசடியாக இருந்தால், நம்பிய பையன் அசடு. எந்த அசடு என்று தெரியாமல் பெண்ணைக் கொடுப்பதா? ஆகவே ஆட்டத்தையே விசாரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு வாரம். வெறும் விசாரணைக்காக.

அதே ஆட்டத்தைப் போனில் இறக்கிக்கொண்டேன். அங்கேதான் சிக்கல். அதற்குத் தெரு கிடையாது, சலூன் கிடையாது, துணி தேய்க்கிறவர் கிடையாது. ஏதோ ஒரு தீவிலிருந்து நடத்துகிறார்களாம். தீவுக்குப் பஸ் ஏது? நல்லவேளை, உதவி வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண் எழுதினாள். பெயர் பிரியா. ‘உங்களை நம்பலாமா அம்மா?’ என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ‘நூறு சதவீதம் நம்பலாம் சார்!’ எவ்வளவு மரியாதை பாருங்கள். அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரம் போட்டு நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள். சீட்டு கலைக்கும் முறை சரி என்று ஒரு சான்றிதழும் இருந்தது, முத்திரையோடு.

பையனின் அம்மாவிடம் கேட்கக் கூடாது என்றேனே என்று பார்க்கிறீர்களா? இவள் அம்மா இல்லையே அண்ணாச்சி. பிரியா.

ஐந்நூறு ரூபாய் போட்டேன். அவர்களும் ஐந்நூறு போட்டார்கள், வரவேற்புக்கு என்று. எந்தச் சம்பந்தி வீட்டில் இப்படிச் செய்கிறார்கள்? மூன்று நாளில் ஆயிரத்து முந்நூறு ஆயிற்று. சோதித்துப் பார்ப்போமே என்று முந்நூறைத் திரும்பக் கேட்டேன். பத்து நிமிஷத்தில் வங்கிக்கு வந்துவிட்டது. வாக்குத் தவறவில்லை. ‘நம்பகமானது’ என்று என் நோட்டில் அன்றைக்கே குறித்துவிட்டேன்.

சங்கரன்கோவில் வந்துவிட்டதா? டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம், மிட்டாயே போதும்.

ஆட்டம் தெரியுமா உங்களுக்கு? ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்துக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யார் வலுவோ அவர் ஜெயித்தார். ஆனால் கையில் ஒன்றுமில்லாதவனும் எல்லாம் இருக்கிற மாதிரி பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். மற்றவர்கள் பயந்து சீட்டைப் போட்டுவிட்டால் காசு அவனுக்கு. பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. இது நம் சம்பந்தம் பேசுகிற கூடம்தான். இரண்டு வீட்டாரும் உள்ளதைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், நடுவில் கேசரியும் பஜ்ஜியும் பொது, ஒன்றுமில்லாதவன்தான் ஐம்பது பவுன் என்று ஏற்றுவான். நாற்பத்தொரு வீட்டில் பார்க்காததா?

என்னோடு மேஜையில் ஐந்து பேர். முகம் தெரியாது, புனைபெயர் மட்டும். நான் என்ன செய்வேன்? பழக்க தோஷம். ‘தம்பிக்கு எந்த ஊர்? கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று எழுதிக் கேட்டேன். ஒருவன் சிரிக்கிற பொம்மை அனுப்பினான். இன்னொருவன் அதையே அனுப்பினான்.

ஆனால் சிங்கம் எண்பத்தெட்டு என்று ஒரு பையன் இருக்கிறான் அண்ணாச்சி. நாற்பத்தொரு மாப்பிள்ளைகளில் அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை. பேச்சு கிடையாது. பதற்றம் கிடையாது. எவ்வளவு பெரிய பந்தயமானாலும் சரியாக மூன்று விநாடி யோசிப்பான், வைப்பான். நான்காவது விநாடி என்பதே கிடையாது. எப்போது திறந்தாலும் அங்கே இருப்பான். சாப்பிடும் நேரத்தில் திறந்தேன், இருந்தான். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஊறுகிற நேரத்தில் திறந்தேன், இருந்தான். பண்டிகை நாளில்கூட உட்கார்ந்து உழைக்கிற பிள்ளை! கெட்ட வார்த்தை ஒன்று வந்ததில்லை. ஜெயித்தாலும் துள்ளமாட்டான், தோற்றாலும்… தோற்று நான் அதிகம் பார்த்ததில்லை.

சரோஜாவிடமே சொன்னேன். ‘லிங்கேஸ்வரனை விடு. இந்த மாதிரி ஒரு பையன் நம்ம இந்துவுக்கு அமைஞ்சா எப்படி இருக்கும்?’ என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ‘எந்த ஊருண்ணே?’ என்றாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஒரு வாரம் என்றது கொஞ்சம் நீண்டுவிட்டது. ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் போய்விட்டது. சரியான விசாரணைக்கு நாளாகும். மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. ‘இன்னும் ஒரு வாரம்’ என்று சொல்லி அனுப்பினேன். இந்து ஒரு நாள் கேட்டாள், ‘மாமா, நீங்க அவரை விசாரிக்கிறீங்களா, அந்த ஆட்டத்தை விசாரிக்கிறீங்களா?’ இரண்டும் ஒன்றுதான் என்றேன். என் மனைவி பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து, ‘யாரு யாரை விசாரிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியலை’ என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படி ஒரு பேச்சு.

பணமா? கேட்கவில்லையே நீங்கள்? சரி, கேட்க நினைத்திருப்பீர்கள். சொல்கிறேன். இந்துவுக்குத் தாய்மாமன் சீர் செய்யவென்று ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருந்தேன். பட்டு, பாத்திரம், ஒரு பவுனில் ஏதாவது. அதிலிருந்து ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் உள்ளே இருக்கிறது. போயிற்று என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. திறந்து பார்த்தால் தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம் என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது. எடுக்க மட்டும் விடமாட்டேன் என்கிறது. பான் அட்டை கேட்டார்கள், கொடுத்தேன். ஆதார் கேட்டார்கள், கொடுத்தேன். முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், சவரம் செய்துகொண்டு அனுப்பினேன். ‘சரிபார்ப்பில் உள்ளது’ என்று மூன்று வாரமாகக் காட்டுகிறது. பிரியாவிடம் கேட்டேன். இன்னும் பத்தாயிரம் போட்டால் நான் வைர நிலைக்கு வந்துவிடுவேனாம், வைர நிலைக்கு உடனே கொடுத்துவிடுவார்களாம். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒரு மீட்டர் மாற்றுவதற்கே எத்தனை விண்ணப்பம்!

பிரியாவைக் குறை சொல்ல முடியாது. எந்த நேரத்தில் எழுதினாலும் உடனே பதில். அவளும் சிங்கத்தைப் போலத்தான்.

போன வாரம் இந்து வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போலச் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, ‘மாமா, நீங்க வேண்டாம்னு சொன்னா கேட்டுக்கிறேன். ஆனா வேற யாரையும் எனக்குப் பார்க்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிருங்க’ என்றாள். எவ்வளவு அடக்கமான பெண்! ‘கேட்டுக்கிறேன்’ என்றாளே, அதைப் பாருங்கள். அவள் போன பிறகு பேச்சியம்மாள் ஏன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஆகவே இன்றைக்கு முடிவு சொல்லப் போகிறேன். தை முடிவதற்குள் பதில் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். என்ன முடிவா? வேண்டாம் என்பதுதான். சீட்டாடின கை அண்ணாச்சி. இன்றைக்கு விட்டேன் என்பான், நாளைக்குப் பிடிப்பான். அந்தப் பழக்கம் அப்படிப்பட்டது. இந்தத் தையில் கல்யாணம் என்றால் இந்தத் தையில் சீர் வைக்க வேண்டுமே என்று நான் யோசிப்பதாகப் பேச்சியம்மாள் சொல்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கழுகுமலை. பாறை தெரிகிறது பாருங்கள். இன்னும் அரை மணிதான்.

என்ன கேட்டீர்கள்? ஏறினதிலிருந்து இப்போதுதான் ஒரு கேள்வி கேட்கிறீர்கள், சத்தமாகக் கேளுங்கள், பஸ் இரைகிறது.

‘அந்தச் சிங்கம் எப்ப அண்ணாச்சி தூங்கும்?’ என்றா?

எப்போது தூங்குவானா? அவன்… காலையில் இருப்பான். மத்தியானமும் இருப்பான். போகிப் பண்டிகையன்று விடியற்காலை ஊரே புகையில் கிடந்தது, நான் திறந்தேன், இருந்தான். எங்கள் தெருவில் எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாத அன்று… சரி, அவன் ஊரில் கரண்ட் இருந்திருக்கும். ஐந்து மாதம். காய்ச்சல் வராதா ஒரு மனுஷனுக்கு? ஒரு கல்யாணம், ஒரு சாவு வீடு, ஒரு பல்வலி? எப்போதும் மூன்று விநாடி. வீட்டுக் குழந்தை வந்து தோளில் ஏறினால் ஐந்து விநாடி ஆகாதா?

சிரிக்கிற பொம்மையும் அதே பொம்மை.

பிரியாவும் தூங்கினதில்லை அண்ணாச்சி.

கொஞ்ச நேரம் இருங்கள். ஜன்னலைத் திறக்கிறேன்.

மீட்டர் பார்க்கிற காலத்தில் ஒரு வீடு உண்டு. பூட்டிக் கிடக்கும், மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் மாதமே பிடித்துவிட்டேன். ஆள் இல்லாத வீட்டில் எது ஓடினாலும் சந்தேகப்படு என்று புதுப் பையன்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

லிங்கேஸ்வரன் பதினெட்டாயிரத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

நீங்கள் சிரிக்காமல் இருப்பதற்கு நன்றி. உங்களுக்குக் கோவில்பட்டியில் எந்தத் தெரு? இத்தனை நேரம் கேட்கவே இல்லை பாருங்கள். லேப் இருக்கிற தெருவா? லிங்கேஸ்வரனைத் தெரிந்திருக்குமே உங்களுக்கு… என்ன? பெரியப்பாவா? நீங்களா?

மூன்று நாளாக ராஜபாளையத்தில்தான் இருந்தீர்களா? துணி தேய்க்கிற ஆறுமுகத்திடம் போனீர்களா? என்ன சொன்னான்? ‘பொண்ணு தங்கம். மாமாதான் அஞ்சு மாசமாப் போனை விட்டுத் தலை நிமிர்றதில்ல’ என்றானா? சொல்லக்கூடியவன்தான். எத்தனை மாப்பிள்ளைகளைப் பற்றி எனக்கே சொன்னவன். ஆக, மிச்சமிருந்தது தாய்மாமன். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. மிட்டாயை நீட்டினீர்கள்.

என் முறை அண்ணாச்சி! என் சொந்த முறை! அதை நானே உங்களுக்குச் சொல்லிக்கொண்டே தின்றிருக்கிறேன்.

வீட்டில் என்ன சொல்லப் போகிறீர்கள்? என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அசடு என்று சொல்லுங்கள், இரண்டு அசடும் சேர்ந்தவன் என்றுகூடச் சொல்லுங்கள். ஆனால் இந்து வேறு யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண். அதை உங்களிடம் சொன்னேனா? சொல்லிவிட்டேன், இல்லையா? நல்லவேளை. இத்தனை பேச்சில் அந்த ஒன்றாவது உருப்படி.

என்ன? ‘தாய்மாமன் எல்லாத்தையும் தானாவே சொல்லிட்டாரு, மறைக்கிற குடும்பம் இல்ல’ என்று சொல்லப் போகிறீர்களா? தானாகவா சொன்னேன்? நான்கு மிட்டாய் அல்லவா ஆயிற்று! சரி, சரி, அப்படியே சொல்லுங்கள். சீர் மட்டும் இந்தத் தையில் பெரிதாக இருக்காது. மிச்சம் முப்பத்தெட்டாயிரம்தான் கையில். பட்டும் பாத்திரமும் வரும், பவுன் வராது. அதையும் சொல்லிவிடுங்கள். இல்லை, அதை நானே சரோஜாவிடமும் இந்துவிடமும் சொல்ல வேண்டும். பேச்சியம்மாளிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குத் தெரியும்.

இறங்குவோம். பையை நான் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் பிடித்து இறங்குங்கள். உங்கள் வீட்டுக்கு அப்புறம் வருகிறேன். பையன் இப்போது லேபில் இருப்பானா? அவனிடம் ஒன்று கேட்க வேண்டும். அவன் விட்டுவிட்டான் அல்லவா, எப்படி விட்டான் என்று கேட்க வேண்டும். இப்போதும், பாருங்கள், இந்தக் கை போனைத் தேடிச் சட்டைப்பைக்குத்தான் போகிறது. ஆளையே நேரில் கேட்பது என் வழக்கமில்லை. நாற்பத்தொரு பேர் வரைக்கும் அப்படித்தான்.

அந்த மீதி மிட்டாய்ப் பொட்டலத்தை இப்படிக் கொடுங்கள், அவன் வாயைத் திறக்க…

வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவன் கேட்காமலே சொல்கிற பையன்.